சாக்கு என்றும் வில்லுக்கத்தி என்றும்

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் வித்யாவும் வந்துபோனதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ கூடத்தில் உட்கார்ந்து காபியை ஆறவிட்டு, "அப்பா, சென்னைல ஒரு டாக்டர் இருக்காரு, ஞாபகமறதிக்குன்னே பாக்குறவரு. சும்மா ஒருவாட்டி காட்டிட்டு வந்துடலாம்" என்று சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை. உன் முகம் வாடியதைப் பார்த்தேன். கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் வந்திருந்தால் நன்றாகவே இருந்திருக்கும். சில மாதங்களாக எனக்குக் கோபம், சந்தோஷம், துக்கம் எதுவுமே வந்து சேருவதில்லை. யாரோ என் பெயரைச் சொல்லி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கிறது. நேரில் பேசினால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அத்தோடு விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வித்யாவும் இதைப் படிக்கட்டும். வேலூர் தாமோதரனுக்கும் அனுப்பு. அவர் இதை எங்கள் கத்திக் குழுவில் போட்டாலும் எனக்குச் சரிதான். என்னைப் பற்றி எல்லோரும் எல்லோரிடமும் பேசியாகிவிட்டது. ஒரு தடவை நானும் எல்லோருக்கும் பொதுவாகப் பேசிவிடுகிறேன்.

நஜீர் பாயை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மெத்தைக் கடை நஜீர் மாமா என்றுதான் கூப்பிடுவாய். ஆனால் நாங்கள் எப்படிப் பழக்கமானோம் என்று உனக்குச் சொன்னதே இல்லை. அப்போது நான் கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில்லில் வேலையாக இருந்தேன். லீவு நாளில் டவுனுக்கு வந்தால் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த காயலான் கடைக்குள் நுழைந்துவிடுவேன். பழைய மடக்குக் கத்தி ஏதாவது கிடைக்குமா என்று துருப்பிடித்த சாமான்களைக் கிளறுவதில் எனக்கு ஒரு பைத்தியம். அன்றைக்கு ஒன்று கிடைத்தது. எருமைக்கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், கிளிமூக்கு மாதிரி கீழே வளைந்த நுனி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நான் எடுக்கக் குனிந்தபோது பக்கத்திலிருந்து இன்னொரு கை நீண்டது.

"அண்ணே, அந்த சாக்கூ நான் போன வாரமே பாத்து வச்சது" என்றார் அந்தக் கைக்காரர். கடைக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போய், இரண்டு கோணிப்பையை உதறிக்கொண்டு வந்து, "எத்தினி சாக்கு வேணும் பாய்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாய் சிரிக்கவில்லை. "நீங்க இதுக்கு இன்னா பேரு சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார். "வில்லுக்கத்தி. முதுகுல ஸ்பிரிங் மாதிரி வில்லு இருக்குது பாருங்க, அதுதான் அலகை நிமித்திப் புடிக்குது" என்றேன். "உருதுல கத்தின்னா சாக்கூ. எங்க வீட்ல எங்க தாத்தா காலத்துலருந்து இது சாக்கூதான்" என்றார் அவர். வெளியே வந்து டீ குடித்தோம். இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் அவரே கத்தியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "கத்தி உங்களுதா இருந்துட்டுப் போவட்டும் அண்ணே. பேரு என்னுது" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

அதன் பிறகு பல வருடம் கழித்துத் தாமோதரன் போனில் ஒரு குழு ஆரம்பித்தார். பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் இந்தப் பக்கத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. சேர்ந்த முதல் வாரமே சண்டை. சென்னைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பேனாக்கத்தி என்றார். எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். இன்னொருவர் செய்த ஊர்ப் பெயரால்தான் கத்தியைச் சொல்ல வேண்டும் என்றார். எந்த ஊரில் செய்தது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். வெளியே இருப்பவர்களுக்கு இது வேலையில்லாதவர்கள் விளையாட்டு. உன் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் எங்களுக்கு எந்தக் கத்தி எந்தக் கத்திக்குச் சொந்தம் என்பதைப் பெயர்தான் சொல்லும். ஒரு பெயரை மாற்றினால் பத்துக் கத்தி குடும்பம் மாறிப் போகும்.

நஜீர் பாயிடம் ஒரு கேள்வி இருந்தது. அவரிடம் அதே எருமைக்கொம்பு, அதே பூண், அதே கிளிமூக்கு வைத்த இன்னொரு கத்தி இருந்தது. ஆனால் அதன் முதுகில் வில்லே கிடையாது. ஆணியின் இறுக்கத்தில் நிற்கும். அதைக் கொண்டுவந்து என் கத்தியின் பக்கத்தில் வைத்து, "இதுக்கு வில்லு எங்க அண்ணே? காட்டுங்க" என்றார். "வில்லு இல்லாட்டி அது வெறும் மடக்குக்கத்தி, பாய்" என்றேன். "ஒரே அப்பனுக்குப் பொறந்த ரெண்டு புள்ளைங்களுக்கு வேற வேற இனிஷியலா?" என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை வரவே இல்லை. அவரும் விடவில்லை. தினமும் காலையில் தொழுகை முடித்துக் கடையைத் திறந்ததும் அந்தக் கத்தியின் படத்தைக் குழுவில் போட்டு, "சாக்கூ. இனிய காலை வணக்கம்" என்று எழுதுவார். நான் பல் விளக்குவதற்கு முன்னால், "வில்லுக்கத்தி. வணக்கம் பாய்" என்று எழுதுவேன். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் பொழுது விடிந்தது என்று தெரிந்துகொள்வார்களாம்.

உன் கல்யாணத்தில் குடும்பப் படத்தில் நான் இல்லை என்று நீ ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மண்டபத்துக்குப் பின்னால், பந்தி எச்சில் இலை கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், நானும் நஜீர் பாயும் இந்தப் பெயருக்காகத்தான் நின்று வாதாடிக்கொண்டிருந்தோம். பிரியாணி இல்லாத கல்யாணத்துக்கு வந்ததே பெரிது என்று அவர் என்னைக் கிண்டல் செய்தார், அதிலிருந்து எப்படியோ கத்திக்கு வந்துவிட்டோம். உன் அம்மா வந்து இரண்டு பேரையும் திட்டியபோது போட்டோக்காரர் விளக்கை அணைத்துவிட்டார். உனக்கு அது வருத்தம்தான், நியாயம். ஆனால் இன்னொன்று உனக்குத் தெரியாது. எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது போனைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? அந்த நாட்களில் நஜீர் பாய் காலையில் தன் படத்தைப் போட்டுவிட்டு, கீழே அவரே, "வில்லுக்கத்தி. இது அண்ணன் சார்பில்" என்றும் எழுதியிருக்கிறார். யாரோ ஒருவர் ஆளில்லாத நேரம் பார்த்து நான் சொல்லும் பெயரைக் கேலி செய்தபோது, வில்லு எப்படி வேலை செய்கிறது, ஏன் அந்தப் பெயர் பொருந்தும் என்று என்னைவிட நன்றாக விளக்கியிருக்கிறார். கண் சரியானதும் அதையெல்லாம் படித்தேன். "இன்னா பாய், கட்சி மாறிட்டீங்களா?" என்று கேட்டேன். "நீங்க வர்ற வரைக்கும் உங்க கடையைப் பாத்துக்கிட்டேன், அவ்ளோதான்" என்றார்.

உனக்கு நான் புத்தி சொல்லி ரொம்ப நாளாகிறது. சொன்னாலும் நீ கேட்கிற வயது தாண்டிவிட்டது. ஆனாலும் இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வித்யாவோடு உனக்கு வாக்குவாதம் வரும்போது, அவள் பக்கத்தை அவள் சொல்வது போலவே உன்னால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார். முடிந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு. முடியாவிட்டால் அன்றைக்குக் கொஞ்சம் சும்மா இரு. நான் உன் அம்மாவிடம் இதைச் செய்ததில்லை. நஜீர் பாயிடம்தான் பார்த்தேன்.

அவர் போன விவரம் உனக்குத் தெரியும். கடையில் ஒரு மெத்தையை உருட்டிக் கட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனேன். கபரஸ்தான் வரைக்கும் நடந்தேன். எல்லோரும் மண் தள்ளியபோது நானும் ஒரு பிடி போட்டேன். மண் ஈரமாக இருந்தது, விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதுதான் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து குளித்தேன். உன் அம்மா சாதம் போட்டாள், சாப்பிட்டேன். "ஒரு தடவை அழுதுடுங்களேன்" என்றாள். "வரல" என்றேன். அப்புறம் பௌர்ணமி வந்தது. செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. மாடி ரூம்களை ராத்திரி வாடகைக்குக் கேட்டு வந்தார்கள், உன் அம்மா பேசி அனுப்பினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் நடக்கிற சத்தம் காதில் விழுந்ததா என்று கேட்டால் விழுந்தது. ஆனால் அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பசி நின்றுபோனது அந்த நாட்களில்தான். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டேன், வைக்காவிட்டால் கேட்கவில்லை.

குழுவில் எல்லோரும் இரங்கல் எழுதினார்கள். பூ, விளக்கு, கும்பிடும் கை என்று படம் படமாக வந்தது. அது ஓய்ந்ததும் தாமோதரன் ஒரு அறிவிப்புப் போட்டார். வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கத்திக் கண்காட்சி வைக்கப்போகிறோம், எல்லோரும் கத்திகளைக் கொண்டுவாருங்கள், பெயர் அட்டையை நானே அச்சடித்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசியில், "கிளிமூக்குக் கத்தியின் பெயர்ப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்டது. இனிமேல் வில்லுக்கத்தி என்றே வைத்துக்கொள்வோம்" என்று இருந்தது. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல். ஒருவர் எனக்குத் தனியாகப் போன் செய்து, "அண்ணே, கடைசில உங்க பேருதான் நின்னுச்சு" என்று வாழ்த்தினார். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கட்டைவிரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து, பழக்கத்தில் போனை எடுத்தேன். அவர் படம் இல்லை. நான் பதில் போட ஒன்றும் இல்லை. என் கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்தேன். "சாக்கு. இனிய காலை வணக்கம்" என்று எழுதிப் போட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாமல் செய்யவில்லை சரவணா. போட்டது நான்தான், சாக்கு என்று எழுதியதும் நான்தான். தாமோதரன் உடனே, "அண்ணே, கை தவறிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று எழுதினேன். மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும். ஒரு இளைஞர், "நம்ம ஊர் கத்திக்கு நம்ம பேர் இருக்கும்போது அந்தப் பேர் எதுக்கு?" என்று எழுதினார். "ஜாஸ்தி, கம்மின்னு உருது வார்த்தையை நாள் முழுக்கப் பேசுறோமே, இது ஒண்ணுதான் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டேன். அப்புறம் நஜீர் பாயின் கேள்வியை அவர் கேட்ட மாதிரியே போட்டேன். வில் இல்லாத கத்திக்கு வில்லுக்கத்தி என்று எப்படிப் பெயர் வரும்? ஒருவர் மட்டும், "பாய்தான் போயிட்டாரே அண்ணே, இனி எதுக்கு, விடுங்க" என்று எழுதினார்.

கண்காட்சிக்குப் போனேன். உன் அம்மா வேண்டாம் என்றாள், பஸ் ஏறிவிட்டேன். ஹாலில் நீளமேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். என் கத்திக்கு நல்ல இடம், நடுவில். முன்னால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் வில்லுக்கத்தி என்று அச்சடித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் கீழே சாக்கு என்று எழுதினேன். பார்க்க வந்த ஒரு பெண்மணி, "சாக்கா? கோணி சாக்கா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சத்தத்தில் தாமோதரன் வந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. என்னைத் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணே, இத்தினி வருஷமா அது தப்புன்னு சொன்னதே நீங்கதான?"

"ஆமா."

"வில்லுக்கத்தின்ற பேரு உங்களுதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"இப்பவும் அதான். எனக்கு அது வில்லுக்கத்திதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு அட்டையில அப்படி எழுதுனீங்க?"

"அதைச் சொல்றதுக்கு அவரு இல்ல தாமோதரன். அதான் நான் சொல்றேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "வீட்டுக்குப் போங்க அண்ணே, ரெஸ்ட் எடுங்க" என்று கத்தியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். மேஜையில் வேறு அட்டை வைத்தார்களா, இடத்தைக் காலியாக விட்டார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. போளூரில் பஸ் நின்றபோது திடீரென்று எனக்குப் பசித்தது. நஜீர் பாய் போன பிறகு அதுதான் முதல் பசி. இறங்கி போண்டா வாங்கிச் சுடச்சுடத் தின்றேன். நாக்கு வெந்துபோனது. கண்டக்டர் விசில் அடித்ததும் இன்னும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினேன். இதை உன் அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். அட்டை விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரமே தாமோதரன் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். என் உடம்பு நல்லாகட்டும் என்றுதான் செய்தாராம். உனக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு அவரே சொன்னதுகூட ஞாபகம் இல்லப்பா" என்றும் சொல்லியிருக்கிறார். நீ பயந்துவிட்டாய். எனக்குப் புரிகிறது. நான் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறேன் என்று அம்மா ஏற்கெனவே உன்னிடம் சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறாய். ஒரே ஒரு வருத்தம்தான் எனக்கு. நீ தாமோதரனிடம் கேட்டாய், அம்மாவிடம் கேட்டாய், ஓசூரில் உன் டாக்டர் நண்பனிடம் கேட்டாய். ஏன்ப்பா அப்படி எழுதுனீங்க என்று என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்கள் ஏதாவது விளங்காத காரியம் செய்தால், முதலில் அவர்களிடமே கேள். பதில் சரியாக வராது. பரவாயில்லை, கேள்.

நீ போன பிறகு உன் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "பேசாம இருந்தீங்க, கிறுக்குன்னாங்க. வாயத் தொறந்து பேசுனீங்க, அப்பவும் கிறுக்குன்றாங்க. இனி இன்னாதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாய் இருந்திருந்தா இதுக்கு இன்னா சொல்லியிருப்பாரு?" என்றாள். "நான் எழுதுனது தப்பு, சாக்கூன்னு இழுத்து எழுதணும்னு சண்டைக்கு வந்திருப்பாரு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஆனால் அவள் சிரிப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

எனக்கு மறதியே இல்லை என்று உன்னிடம் சாதிக்கப்போவதில்லை. போன தடவை வித்யாவை உன் அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் பெரிய மனசோடு காட்டிக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். இதெல்லாம் வயதா, வேறு ஏதாவதா என்று அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதனால் வருகிறேன். நீ நாள் குறித்துச் சொல், அம்மாவும் நானும் சென்னைக்கு பஸ்ஸில் வந்துவிடுவோம். நீ அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு எங்களை அழைக்க வர வேண்டாம்.

அம்மாவின் அண்ணனை இப்படி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்களாம். அங்கே படங்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்பார்களாம். கடிகாரம், குடை, சாவி. இதையெல்லாம் நான் உடனே சொல்லிவிடுவேன், நீ கவலைப்படாதே. ஒருவேளை அதில் ஒரு மடக்குக் கத்தியின் படம் இருந்தால், உடனே சொல்ல மாட்டேன். முதுகில் வில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். படத்தில் அது சரியாகத் தெரியாது, திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு பெயரைச் சொல்லி, கொஞ்சம் விட்டு, இன்னொரு பெயரையும் சொல்வேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு. அந்த இடைவெளியில் டாக்டர் ஏதாவது எழுத ஆரம்பித்தால், இன்னும் ஒரு பெயர் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்.

அப்பா